லாக் செய்ததும் கண்ணாடி தானாக ஏறும் மாட்யூல் போடலாமா? ஆன்டி-பின்ச் (கையோ தலையோ அகப்பட்டால் கண்ணாடி திரும்பி இறங்கும் வசதி) எந்தக் கண்ணாடிக்குக் கட்டாயம்?

முன்சீட்_முகில் கேட்டது:

நான்கு கதவிலும் பவர் விண்டோ, மேலே சன்ரூஃப். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி மட்டும் சுவிட்சை ஒருமுறை இழுத்தால் முழுதாக ஏறிவிடும். மற்ற மூன்றும் சுவிட்சைப் பிடித்திருக்கும் வரைதான் ஏறும். சன்ரூஃபும் ஒன்-டச்.

1. ரிமோட்டில் லாக் செய்தவுடன் நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிடும் மாட்யூல் விற்கிறார்கள். ‘தடை பட்டால் கரண்ட் கட் ஆகிவிடும், அதுதான் ஆன்டி-பின்ச்’ என்கிறார்கள். இது சரியா? பின்சீட்டில் குழந்தை உட்காரும் வண்டி.

2. அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 118, ஐ.நா. ஒழுங்குவிதி 21 இரண்டிலும், கண்ணாடி திரும்பும் முன் அழுத்தக்கூடிய உச்ச விசை 100 நியூட்டன் என்று படித்தேன். அப்படியானால் மூன்று கண்ணாடிகளுக்கு ஏன் அந்த வசதி இல்லை?

3. பேட்டரி கழற்றி மாட்டியபின் ஓட்டுநர் கண்ணாடி ஒன்-டச்சில் ஏறுவதில்லை. சன்ரூஃப் பாதி மூடியதும் திரும்பித் திறந்துகொள்கிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

---

விதிநூல்_வாசகி:

முகில் சார், இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அது தெளிந்தால் முதல் கேள்வி பாதி தெளிந்துவிடும்.

‘எல்லாப் பவர் விண்டோவும் தடை பட்டால் திரும்பி இறங்க வேண்டும்’ என்று இந்த இரண்டு விதிகளில் எதுவும் சொல்லவில்லை. பொறுப்புள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து கவனிக்கக்கூடிய சில சூழல்களைப் பட்டியலிட்டு, அவற்றில் மட்டும் கண்ணாடி மூடலாம் என்கின்றன. அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு கண்ணாடி மூட வேண்டுமென்றால், திரும்பி இறங்கும் வசதி அதில் இருந்தே ஆக வேண்டும். தயாரிப்பாளர் இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளலாம். உங்கள் மூன்று கண்ணாடிகள் முதல் வழியில் போனவை.

அமெரிக்க விதியில் அனுமதிக்கப்பட்ட சூழல்கள் ஏறத்தாழ இவை: சாவி ஆன், ஸ்டார்ட், ஆக்சஸரி நிலைகளில் ஒன்றில் இருக்கும்போது, இன்ஜினை அணைத்த பிறகு முன்கதவு இரண்டில் ஒன்று திறக்கப்படும் வரை, மோட்டார் உதவியில்லாமல் கையால் மூடும்போது, வெளியே கதவுப் பூட்டில் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரை, ரிமோட் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை. ரிமோட்டுக்குத் தூர எல்லையும் உண்டு. 6 மீட்டருக்கு அப்பாலிருந்து அது வேலை செய்யக் கூடாது. இடையில் சுவர் போல ஒளி புகாத தடுப்பு இருந்தால் செயல்படாத ரிமோட் என்றால் மட்டும் 11 மீட்டர் வரை போகலாம். மூட ஆரம்பிக்கும்போதே 4 மி.மீ. தடிமனுள்ள கம்பிகூட நுழையாத அளவு சிறிய இடைவெளிதான் இருக்கிறது என்றால் அதற்கும் விலக்கு.

ஐ.நா. விதி 21-இன் பட்டியலும் இதை ஒட்டியதுதான். கண்ணாடியைச் சுற்றி மேல் சட்டம் (ஃபிரேம்) இல்லாத கதவுகளில் கதவை மூடியதும் கண்ணாடி தானாக ஏறி ரப்பருக்குள் அமர்கிறதே, அதற்கு 12 மி.மீ. வரை தனி விலக்கு உண்டு. உங்களுக்கு முக்கியமான வரி வேறு: திரும்பி இறங்கும் வசதி இல்லாமல் ஒன்-டச் மூடல் அனுமதிக்கப்படுவது ஓட்டுநர் கதவுக் கண்ணாடிக்கும் சன்ரூஃபுக்கும் மட்டும், அதுவும் சாவி ஓடும் நிலையில் இருக்கும்போது, அல்லது அணைத்தபின் முன்கதவு திறக்கும் முன். ஆகவே ‘ஒன்-டச் இருக்கிறது, அதனால் ஆன்டி-பின்ச் இருக்கிறது’ என்ற கணக்கு பின்கண்ணாடிக்குப் பொருந்தும். ஓட்டுநர் கண்ணாடிக்கும் சன்ரூஃபுக்கும் பொருந்த வேண்டியதில்லை. அந்த இரண்டையும் கையேட்டில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

இனி 100 நியூட்டன். ஏறக்குறைய 10 கிலோ எடை அழுத்தும் விசை. 4 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையிலான திறப்பில் ஒரு சோதனைத் தண்டை வைத்தால், விசை அந்த அளவைத் தாண்டும் முன் கண்ணாடி நின்று திரும்ப வேண்டும். சின்ன விரலிலிருந்து தலை வரை இந்த வீச்சுக்குள் வந்துவிடும். திரும்பினால் மட்டும் போதாது, எவ்வளவு இறங்க வேண்டும் என்பதும் உண்டு: மூட ஆரம்பித்த இடம் வரை, அல்லது 200 மி.மீ. தண்டு நுழையும் அளவு, அல்லது திரும்பிய இடத்திலிருந்து குறிப்பிட்ட தூரம். அந்தத் தூரம் அமெரிக்க விதியில் 125 மி.மீ., ஐ.நா. விதியில் 50 மி.மீ.

எண் ஒன்றாக இருப்பதால் இரண்டு சோதனைகளும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். ஐ.நா. தண்டின் விறைப்பு மி.மீ.க்கு 10 நியூட்டன். 100-ஐத் தொட அது 10 மி.மீ. அமுங்க வேண்டும். அமெரிக்கத் தண்டு 25 மி.மீ. விட்டம் வரை குறைந்தது 65, அதற்கு மேல் குறைந்தது 20. மெல்லிய தண்டென்றால் 1.5 மி.மீ. அமுங்குவதற்குள் மோட்டார் விஷயத்தைப் புரிந்துகொண்டு திரும்பியாக வேண்டும். நொடிக்கு 110 மி.மீ. ஏறும் கண்ணாடிக்கு அது 14 மில்லிநொடிதான்.

---

சாரல்_ஓட்டம்:

பழைய விதி எப்படியோ, இப்போது அமெரிக்காவில் எல்லாப் புதுக் காரின் எல்லாக் கண்ணாடிக்கும் கட்டாயம் என்று ஆகிவிட்டதே?

---

விதிநூல்_வாசகி:

இல்லை, சாரல். குழந்தைகளின் வாகனப் பாதுகாப்புக்காக 2008-இல் கையெழுத்தான சட்டம், எல்லாக் கண்ணாடிக்கும் கட்டாயமாக்கலாமா என்று பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலித்த என்.எச்.டி.எஸ்.ஏ. (அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு) 2011-இல் வேண்டாம் என்று முடித்துக்கொண்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கழுத்து அகப்பட்ட குழந்தையால் கத்தக்கூட முடியாது. முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

உண்மையில் மாறியது சுவிட்ச். குழந்தை கைப்பிடிமேல் முழங்காலிட்டு வெளியே எட்டிப் பார்க்கும்போது முழங்காலே சுவிட்சை அழுத்தி, கண்ணாடி கழுத்தில் ஏறிய விபத்துகள் நடந்தன. அதனால் 2004-இல் ஒரு சோதனை வந்தது: 20 மி.மீ. ஆரமுள்ள எஃகு உருண்டையை 135 நியூட்டன் வரை சுவிட்ச் மேல் அழுத்தினாலும் கண்ணாடி ஏறக் கூடாது. பிறகு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூடுவதற்குச் சுவிட்சை இழுக்கத்தான் வேண்டும் என்றானது. கிடைப் பரப்பில் இருந்தால் மேல்நோக்கி, நிற்கும் பரப்பில் இருந்தால் வெளிநோக்கி. 2010 அக்டோபர் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு இது முழு அமல். தராசு போல ஒரு முனையை அழுத்தினால் ஏறும், மறுமுனையை அழுத்தினால் இறங்கும் பழைய சுவிட்ச் உள்ள வண்டியில் குழந்தை போகிறதென்றால், பின்கண்ணாடிப் பூட்டு (பின்சீட்டுச் சுவிட்சுகளை நிறுத்தும் பொத்தான்) எப்போதும் போட்டபடியே இருக்கட்டும்.

---

ரிலே_ராகம்:

மாட்யூல் பற்றி நான் சொல்கிறேன். போடாதீர்கள். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், விற்பவர் சொல்வது கேட்க நியாயம் போலத் தோன்றும்.

கண்ணாடி மோட்டார் தடையில்லாமல் ஓடும்போது சுமார் 5 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். முற்றிலும் நின்றுபோனால் 20 ஆம்பியர் பக்கம் போகும். மாட்யூல் பார்ப்பது இந்தத் தாவலைத்தான். அதாவது மோட்டார் நின்றபிறகுதான் அதற்குச் செய்தி தெரியும். மோட்டார் நிற்கும் கணத்தில்தான் விசை உச்சத்தில் இருக்கிறது. பல நூறு நியூட்டன் அழுத்தியபின் கரண்டை வெட்டி என்ன பயன்? இன்னொன்று, வெட்டினால் கண்ணாடி இறங்காது. மோட்டாருக்குள் இருப்பது வார்ம் கியர். கரண்ட் போனாலும் அழுத்திய இடத்திலேயே பூட்டு போல நிற்கும், கையால் தள்ளினாலும் வராது. அகப்பட்டது அகப்பட்டபடியே இருக்கும்.

அசல் ஆன்டி-பின்ச் வேறு மாதிரி. மோட்டார் தண்டில் ஒரு காந்த வளையம், அதன் அருகே காந்தம் சுற்றுவதை உணரும் இரண்டு ஹால் சென்சார். துடிப்புகளை எண்ணி, கண்ணாடி எந்த இடத்தில் இருக்கிறது, எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு வேகம் என்று கணத்துக்குக் கணம் தெரிந்துவைத்திருக்கும். ஒவ்வொரு இடத்திலும் வழக்கமான உராய்வு எவ்வளவு என்ற பாடமும் அதனிடம் இருக்கும். வழக்கத்தைவிட வேகம் சற்று தளர்ந்தாலே திரும்பிவிடும். நிற்கும் வரை காத்திருப்பதில்லை. கடைசி 4 மி.மீ.யில் மட்டும் தன் கண்ணை மூடிக்கொள்ளும், இல்லையென்றால் மேல் ரப்பருக்குள் கண்ணாடி போய் அமரவே முடியாது.

விதிப்படியும் மாட்யூல் தேறாது. லாக் பொத்தானை ஒருமுறை தட்டிவிட்டு நடந்துவிடுகிறீர்கள். வாசகி மேடம் சொன்ன ‘அழுத்திப் பிடித்திருக்கும் வரை’ என்பது அங்கேயே உடைகிறது. பட்டியலுக்கு வெளியே போனால் திரும்பி இறங்கும் வசதி வேண்டும், அதுவும் இல்லை. சில மாட்யூல்கள் ஏறாத கண்ணாடியைச் சில நொடி கழித்து மறுபடி ஏற்றப் பார்க்கும். ஐ.நா. விதி 21 இதை நேரடியாகவே தடுக்கிறது: சுமைக் காப்பு (மோட்டார் திணறினால் கரண்டை நிறுத்தும் அமைப்பு) வெட்டி மீண்டபின், யாராவது வேண்டுமென்றே சுவிட்சை இயக்கினால் தவிர மூடும் திசையில் அசையவே கூடாது.

வண்டியில் தொழிற்சாலையிலிருந்தே ‘ரிமோட்டைப் பிடித்திருந்தால் கண்ணாடி ஏறும்’ வசதி மறைந்திருக்கிறதா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு மோட்டாரிலும் ஹால் சென்சார் இருந்தால் மட்டும் அதை இயக்கலாம். உங்கள் வண்டியில் மூன்று கதவு மோட்டாருக்கு இரண்டே கம்பி போகிறதென்றால் அங்கே சென்சார் இல்லை, அந்தப் பேச்சை விட்டுவிடலாம். கண்ணாடி திறந்திருக்கிறது என்று லாக் செய்யும்போது ஒலி எழுப்பும் வசதி மட்டும் போதுமானது.

---

முன்சீட்_முகில்:

மாட்யூல் வேண்டாம், முடிவாகிவிட்டது. பேட்டரிக்குப் பிந்தைய பிரச்சினைக்கு வழி சொல்லுங்கள். ஒரு தகவல் விட்டுப்போனது: கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்துக்குள் செருகும் மழைத்தடுப்பு நான்கு கதவிலும் இருக்கிறது.

---

ரெகுலேட்டர்_ரவி:

அந்த மழைத்தடுப்புதான் அடுத்த தலைவலி சார். முதலில் அதை ஓட்டுநர் கதவிலிருந்து எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பள்ளத்துக்குள் ஒன்றரை மி.மீ. பிளாஸ்டிக் நுழைந்தால்கூட மேல் விளிம்பில் உராய்வு கூடிவிடும். மோட்டார் அதை விரல் என்று எடுத்துக்கொள்ளும். வெளிப்புறம் ஒட்டும் வகை என்றால் இந்தத் தொல்லை இல்லை.

பேட்டரி கழற்றினால் மோட்டார் தன் மேல் முனை எது, கீழ் முனை எது என்பதை மறந்துவிடும். தெரியாத நிலையில் ஒன்-டச்சை நிறுத்திவைப்பது சரியான நடத்தை, பழுது இல்லை. திரும்பக் கற்றுக்கொடுக்கும் முறை வண்டிக்கு வண்டி சற்று மாறும். பெரும்பாலும் இப்படி:

இன்ஜின் ஓடட்டும், கதவு சாத்தியிருக்கட்டும். கண்ணாடியை முழுதாக இறக்கி, இறங்கியபிறகும் சுவிட்சை 5 நொடி கீழே அழுத்தியே பிடியுங்கள். பிறகு மேலே இழுத்து முழுதாக ஏற்றி, ஏறியபிறகும் 5 நொடி இழுத்தே பிடியுங்கள். விட்டுவிட்டு ஒன்-டச்சில் ஒருமுறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். நடுவில் கை நழுவினால் முதலிலிருந்து. கற்கும் நேரத்தில் பல வண்டிகளில் பின்ச் பாதுகாப்பு வேலை செய்யாது. அந்த நேரத்தில் வண்டிக்குள் குழந்தை இருக்கவே வேண்டாம்.

சுத்தம் செய்தபிறகு கற்றுக்கொடுங்கள், முன்னால் அல்ல. அழுக்கோடு கற்றால் அழுக்கின் உராய்வையும் வழக்கம் என்று பதிந்துகொள்ளும் வண்டிகள் உண்டு. ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஈரத் துணியைச் சுற்றி ரன் சேனலின் (கண்ணாடி ஓடும் அந்த ரப்பர் பள்ளத்தின்) இரண்டு பக்கமும் மேல் மூலை வரையும் இழுங்கள். மணல் வருவது நிற்கும் வரை. காய்ந்தபின் சிலிகான் ஸ்ப்ரே மெல்லிசாக. கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவும் வேண்டாம்; ரப்பர் ஊதிக்கொண்டு இன்னும் இறுகும், மணலும் ஒட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பாதியில் திரும்பினால், எந்த உயரத்தில் திரும்புகிறது என்று கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறியுங்கள். எப்போதும் ஒரே இடம் என்றால் அந்த இடத்தில் ரப்பர் மடிந்திருக்கிறது, அல்லது கூலிங் ஃபிலிமின் ஓரம் உரிந்து சுருண்டிருக்கிறது. இடம் மாறி மாறி வந்தால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் பக்கம் போங்கள்: கம்பி நூல் பிரிந்திருக்கலாம், ஸ்லைடர் பிளாஸ்டிக் விண்டிருக்கலாம், கண்ணாடியைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து கண்ணாடி சாய்ந்து ஏறலாம். கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் குணம் மாறுகிறது என்றால் கீல் அருகே ரப்பர் குழாய்க்குள் வரும் வயர் அறுந்துகொண்டிருக்கிறது. ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியிலும் மோட்டார் சாக்கெட்டிலும் வோல்ட் பாருங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரையோ எர்த்தையோ சந்தேகியுங்கள்.

சன்ரூஃபுக்கும் அதே மனநிலைதான், ஆனால் பொறுமை கூடுதலாக வேண்டும். முழுதாகத் திறந்து இரண்டு பக்கத் தடத்தையும் துடையுங்கள். தடத்துக்கு மட்டும் கையேடு சொல்லும் கிரீஸைத் தடவலாம். முன்னால் எழும்பும் காற்றுத் தடுப்பின் வலை, பேனல் மூடும்போது கீழே மடங்காமல் நடுவில் மாட்டினால் உங்கள் வண்டி செய்வதைத்தான் செய்யும். பிறகு கற்றல்: பொதுவாக மூடும் அல்லது சாய்க்கும் பக்கம் சுவிட்சைச் சுமார் 10 நொடிக்கு மேல் பிடித்தால் பேனல் சின்னதாக அசைந்து நிற்கும். விட்டு உடனே மறுபடி பிடித்தால் தானே சாய்ந்து, திறந்து, மூடி ஒரு சுற்று முடிக்கும். அந்தச் சுற்று முடியும் வரை விரலை எடுக்கக் கூடாது.

---

சாரல்_ஓட்டம்:

சரியாகிவிட்டதா என்று விரலை வைத்துப் பார்த்தால் தெரியுமே. 100 நியூட்டன்தானே.

---

ரெகுலேட்டர்_ரவி:

வேண்டாம் சாரல், தயவுசெய்து. 100 என்பது வசதி ஒழுங்காக இருக்கும்போது வரும் உச்சம். ஒழுங்காக இருக்கிறதா என்று தெரியாததால்தானே சோதிக்கிறீர்கள்?

குழாய்க்குச் சுற்றும் நுரைப் பஞ்சு உறை ஒரு முழம், பென்சில் தடிமனில் மெத்தென்ற ரப்பர் ஹோஸ் ஒரு சாண் போதும். நுரையைப் பாதித் திறப்பில் வைத்து ஒன்-டச்சில் ஏற்றுங்கள். பிறகு ஹோஸை மேல் விளிம்பில் நடுவிலும் முன்மூலையிலும். முன்மூலையில் சட்டம் சரிவாக இருப்பதால் கண்ணாடி ஆப்பு போல நுழையும், அங்கே தேறினால்தான் நம்பிக்கை. தொட்டதும் திரும்ப வேண்டும். திரும்பியபின் ஒரு கை தாராளமாக எடுக்கும் அளவு இறங்க வேண்டும். சன்ரூஃபில் நகரும்போது முன்விளிம்பிலும், சாய்ந்து மூடும்போது பின்விளிம்பிலும் தனித்தனியாகப் பாருங்கள். சாய்வை யாரும் சோதிப்பதில்லை, அங்கேதான் குழந்தையின் விரல் போகும்.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு மூன்று முறை திரும்பிய கண்ணாடியை உடனே சுவிட்சை இழுத்துப் பிடித்து ஏற்றினால், பல வண்டிகளில் பின்ச் பாதுகாப்பு விலகி முழு விசையில் ஏறும். பனி உறைந்த ரப்பரை மீறி மூடுவதற்கு வைத்த வழி அது. ‘ஏற மாட்டேன் என்கிறதே’ என்று எரிச்சலில் பிடித்து இழுக்கும் முன், ஏன் திரும்பியது என்று தலையைத் திருப்பிப் பாருங்கள்.

---

முன்சீட்_முகில்:

மழைத்தடுப்பை எடுத்து, துடைத்து, கற்றுக்கொடுத்தபின் ஓட்டுநர் கண்ணாடி ஒன்-டச்சில் ஏறுகிறது, ஹோஸ் சோதனையில் திரும்புகிறது. சன்ரூஃபும் மூடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் விசைமானி வைத்துப் பார்த்ததில் நடுத் திறப்பில் 82, மேலிருந்து 30 மி.மீ.யில் 117 நியூட்டன். இது தோல்வியா?

---

விதிநூல்_வாசகி:

மானியின் ஸ்பிரிங் விறைப்பு எவ்வளவு என்று கேளுங்கள். மி.மீ.க்கு 20 நியூட்டன் ஸ்பிரிங்கில் 117 காட்டுவது, 10 ஸ்பிரிங்கில் 100-க்குள் அடங்கலாம். கண்ணாடி திரும்ப எடுத்துக்கொள்ளும் தூரம் மாறாது, விறைப்பு கூடினால் அதே தூரத்துக்கு விசை கூடும். ஐ.நா. விதிப்படி ஒப்புதல் பெற்ற வண்டியை அந்த 10 ஸ்பிரிங்கில்தான் அளக்க வேண்டும்.

இந்த எல்லைகளை நிறுவனங்களே தவறவிட்டிருக்கின்றன. 2022 செப்டம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் ஏறத்தாழ 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான்: கண்ணாடி தடையை உணர்ந்து திரும்புவது 118-ஆம் விதியின் எல்லைக்குள் நிற்கவில்லை. உதிரிபாகம் எதுவும் மாற்றவில்லை. மென்பொருளை அனுப்பிச் சரி செய்தார்கள். உங்கள் வண்டிக்கும் கதவு மோட்டார் மென்பொருளில் புதுப்பிப்பு இருக்கிறதா என்று சர்வீஸில் கேட்பது வீண் இல்லை.

---

ரெகுலேட்டர்_ரவி:

அளப்பதற்கு முன் பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும், ஒரே இடத்தில் மூன்று முறை அளந்து பாருங்கள். விடாமல் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கினால் மோட்டார் சூடாகி அளவும் மாறும், சூட்டுக் காப்பில் நின்றும் போகும். நடுவில் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

10 ஸ்பிரிங்கிலும் 30 மி.மீ.யில் 100-ஐத் தாண்டினால் மேல் ரப்பரைக் கழற்றி, மழைத்தடுப்பு இருந்த இடத்தில் உதடு நசுங்கி நிற்கிறதா பாருங்கள். நசுங்கியிருந்தால் ரன் சேனலை மாற்றிவிட்டு மறுபடி கற்றுக்கொடுத்து அளங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு கூடிய மோட்டாரையே மாற்ற வேண்டும். அதுவரை ஓட்டுநர் கண்ணாடியை ஒன்-டச்சில் ஏற்றாதீர்கள். சுவிட்சின் முதல் படி வரை மட்டும் இழுத்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். மற்ற மூன்று கண்ணாடிக்கும் அதேதான். பின்பூட்டுப் பொத்தான் பின்சீட்டுச் சுவிட்சைத்தான் நிறுத்தும். உங்கள் கையில் இருக்கும் சுவிட்சை அது நிறுத்தாது.